தங்கம் ஏன் சிவப்பாச்சு? மைக்கேல் ஃபாரடே கடைசி வரை பார்க்க முடியாத துகள்களின் கதை!

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பிரெக்னன்ஸி டெஸ்ட் கிட்டை எல்லோரும் பார்த்திருப்போம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த ரேபிட் டெஸ்ட் கிட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். சில சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒரு சிவப்புக் கோடு தெரியும். பெரும்பாலான கிட்களில் அந்தச் சிவப்பு எதிலிருந்து வருகிறது தெரியுமா? தங்கத்திலிருந்து. ஆமாம், கழுத்தில் போடுகிற அதே தங்கம்தான்.

தங்கத்தை ரொம்ப ரொம்பச் சின்னத் துகளாக்கி தண்ணீரில் மிதக்க விட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு மாதிரி சிவந்து போய்விடும். இதற்கு என்ன காரணம் என்று முதன்முதலில் உட்கார்ந்து, ஒரு வருஷம் மெனக்கெட்டு ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. டைனமோ, டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் என்று ஸ்கூல் புத்தகத்தில் வருவாரே, அதே ஃபாரடேதான்.

உலோகம் எப்படித் துகளாக வந்து சேர்கிறது என்பதை மின்சாரம் வழியாகவும் ஒளி வழியாகவும், ரெண்டு பக்கத்திலிருந்தும் தொட்டவர் அவர். ஆனா அந்தத் துகளைத் தன் கண்ணால் தனியாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு கடைசி வரை கிடைக்கவே இல்லை. இன்றைக்கு விஞ்ஞானிகள் மைக்ரோஸ்கோப் வைத்து, மின்வாயில் உலோகத் துகள்கள் ஒவ்வொன்றாக முளைப்பதை நேரலை மாதிரி பார்க்கிறார்கள். அந்த மைக்ரோஸ்கோப்பின் தத்துவமும் ஃபாரடேவின் மேஜையில்தான் இருந்தது. எவ்வளவு பக்கத்தில் போய் நின்றார் என்பதுதான் இந்தக் கதை.

கொல்லர் வீட்டுப் பையன்

1791 செப்டம்பர் 22-ம் தேதி லண்டனின் தெற்குப் பகுதியான நியூவிங்டனில் பிறந்தார் ஃபாரடே. அப்பா ஜேம்ஸ், இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த குடும்பம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வேலை ஒழுங்காகக் கிடைக்காது. 1801-ல் தானிய விலை எகிறிய நேரத்தில், சின்னப் பையன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான். அதை அவனே பங்கு போட்டு ஏழு நாளைக்கு ஓட்ட வேண்டும்.

படிப்பு? எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான். 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. அடுத்த வருஷம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் பண்ணப் பழகும் ஏழு வருஷ ஒப்பந்தம். இந்த பைண்டிங் வேலைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தையெல்லாம் தைப்பதற்கு முன்னாடி படித்துவிடுவார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி சாதாரண மக்களுக்காக எழுதின வேதியியல் புத்தகமும் அப்படிக் கைக்கு வந்தவை.

படித்ததோடு நிற்கவில்லை. 1812-ல் ஏழு அரைப் பென்னி காசு, அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகடு, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சின்ன பேட்டரி செய்தார். அதை வைத்து ஒரு உப்புக் கரைசலைப் பிரித்தும் பார்த்தார். ஸ்கூல் புராஜெக்ட் மாதிரி தெரியலாம். ஆனா வாத்தியார் யாரும் சொல்லித்தராமல், கைக்காசில் பொருள் வாங்கிச் செய்த புராஜெக்ட் அது.

ஒரு டிக்கெட் தந்த வாழ்க்கை

அதே வருஷம் கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நடத்தும் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் தந்தார். டேவி அன்றைக்கு லண்டனின் சூப்பர்ஸ்டார் விஞ்ஞானி. மின்சாரத்தைப் பாய்ச்சி சோடியம், பொட்டாசியம் என்ற புது உலோகங்களைப் பிரித்தெடுத்தவர். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளுக்குப் போனார். கேட்டதையெல்லாம் படங்களோடு எழுதி, 300 பக்கத்துக்கு மேல் வந்த குறிப்பைத் தன் கையாலேயே பைண்ட் செய்து, வேலை கேட்டு டேவிக்கே அனுப்பி வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் சண்டை போட்டு வெளியேற்றப்பட, 1813 மார்ச் மாதம் அந்த இடம் ஃபாரடேவுக்குக் கிடைத்தது. சம்பளத்தோடு மாடியில் ரெண்டு அறை, குளிர்காய நிலக்கரி, வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி. அடுத்த 45 வருஷம் அவர் வாழ்ந்த வீடு அந்தக் கட்டடம்தான்.

சில மாதத்தில் டேவி தம்பதியோடு ஐரோப்பியப் பயணம். பாரிஸில் ஆம்பியர், மிலானில் வோல்டா என்று பெரிய பெரிய ஆட்களைப் பார்த்தார். ஆனா வழியெல்லாம் டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். சாப்பாடு வேலைக்காரர்களோடு. வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நொந்து போயிருந்தார். நல்லவேளை, விடவில்லை.

அடுத்து வந்த வருஷங்களை இங்கே வேகமாகக் கடந்துவிடலாம், நீங்கள் படித்தவைதான். 1821-ல் சாரா பர்னார்டுடன் கல்யாணம். அதே வருஷம் காந்தத்தைச் சுற்றி மின்கம்பியைச் சுழல வைத்தார், அதாவது உலகின் முதல் மின்மோட்டாருக்கான விதை. வேறொருவர் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். வளர்த்துவிட்டவரே குறுக்கே நின்றார். ஆனாலும் ஜெயித்தார். 1825-ல் பென்சீனைப் பிரித்தார். 1831 ஆகஸ்ட் 29-ம் தேதி மின்காந்தத் தூண்டல். இன்றைக்கு நம் வீட்டுக்கு வரும் கரன்ட்டில் பெரும்பகுதி அந்த ஒரு நாளின் வாரிசு.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த ரெண்டு மூன்று வருஷம்.

உலோகத்தை எடை போட்டவர்

ஒரு உலோக உப்பின் கரைசலில் ரெண்டு கம்பியை விட்டு பேட்டரியோடு இணைத்தால், ஒரு கம்பியில் உலோகம் வந்து ஒட்டிக்கொள்ளும். கவரிங் நகைக்கு முலாம் போடுகிற அதே வேலை. இது ஃபாரடேவுக்கு முன்னாடியே தெரிந்த விஷயம்தான். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. பேட்டரியின் அளவைப் பொறுத்தா? கம்பி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தா? ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1833, 34-ல் ஃபாரடே அத்தனையையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கம்பியின் அளவை மாற்றினார், கரைசலின் அடர்த்தியை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். ஒரு சோதனையில், கண்ணாடிக் குழாயின் அடியில் பிளாட்டினக் கம்பியைப் பொருத்தி, உள்ளே டின் குளோரைடை உருக்கி மின்சாரம் பாய்ச்சினார். கம்பியில் ஒட்டிய டின்னை நிறுத்துப் பார்த்தால் சுமார் 3.2 கிரெயின். இன்றைய கணக்கில் 200 மில்லிகிராம் பக்கம். அதே மின்சுற்றில், அதே நேரத்தில் தண்ணீரிலிருந்து பிரிந்து வந்த வாயுவின் அளவோடு அதை ஒப்பிட்டார். கணக்கு சரியாக உட்கார்ந்தது.

பாய்ந்த மின்சாரம் எவ்வளவோ, அதற்கு நேர் விகிதத்தில் உலோகம். வேறு எதுவும் கணக்கில்லை. இதுதான் ஃபாரடேவின் முதல் மின்னாற்பகுப்பு விதி. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் வெள்ளிக் கரைசலிலிருந்து சுமார் 4 கிராம் வெள்ளி வரும், அதாவது அரைப் பவுன் எடை. லண்டனில் செய்தாலும் லேபில் செய்தாலும் அதேதான். இந்தக் கணக்கை இணைக்கும் எண்ணுக்கு இன்றைக்கும் அவர் பெயர்: ஃபாரடே மாறிலி, ஒரு மோலுக்குச் சுமார் 96,485 கூலும்.

இங்கே தமிழ் படித்தவனாக ஒரு சின்ன இடைச்செருகல். இந்த ஆராய்ச்சியை எழுத உட்கார்ந்தபோது ஃபாரடேவுக்குச் சொல் போதவில்லை. அதுவரை எல்லோரும் 'போல்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காந்தத்தின் முனை மாதிரி அந்தக் கம்பி உலோகத்தைத் தன் பக்கம் இழுக்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபாரடேவுக்கு அது பிடிக்கவில்லை. அது இழுக்கும் முனை இல்லை, மின்சாரம் உள்ளே போய் வெளியே வரும் வாசல், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். கிரேக்கம் தெரிந்தவர்களிடம் போனார். அவருடைய மருத்துவர் விட்லாக் நிக்கோலும், கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலும் உதவினார்கள். எலெக்ட்ரோடு, எலெக்ட்ரோலைட், ஆனோடு, கேத்தோடு, அயான் எல்லாம் அப்படி வந்தவை. 'ஓடு' என்று முடிகிற அந்த வால், கிரேக்கத்தில் வழி என்று பொருள்படும் சொல்.

இப்போ நம்ம பாடப்புத்தகத்தைப் பாருங்கள். எலெக்ட்ரோடுக்குத் தமிழில் மின்வாய். ஸ்கூலில் படிக்கும்போது மின்சாரத்துக்கு ஏது வாய் என்று சிரித்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. வாயில், வாய்க்கால் என்று சொல்கிறோமே, தமிழில் வாய் என்றால் வழி, வாசல் என்றும் பொருள் உண்டு. ஃபாரடே தேடிய பொருளை அப்படியே பிடித்திருக்கிறார்கள் நம் ஆட்கள்.

ஆனா எல்லாமே எடைதான். மொத்தமாக எவ்வளவு உலோகம் சேர்ந்தது என்று தராசு சொல்லும். அது எப்படிச் சேர்ந்தது? முதல் அணு எங்கே உட்கார்ந்தது? ஒரே சீராகப் பரவியதா, புள்ளி புள்ளியாக முளைத்ததா? தராசுக்கு அது தெரியாது.

களைத்துப்போன மூளை

1839-க்குப் பிறகு ஃபாரடேவின் உடல்நிலை விழுந்தது. தலைச்சுற்றல், மறதி, சோர்வு. 1841-ல் மாதக்கணக்கில் சுவிட்சர்லாந்தில் ஓய்வு. திரும்பி வந்து 1845-ல் காந்தத்தால் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்ப முடியும் என்று கண்டுபிடித்து எல்லோரையும் அசத்தினார். ஆனா மறதி மட்டும் விடவில்லை. நேற்றுச் செய்த சோதனையை இன்றைக்கு மறந்துவிட்டுத் திரும்பச் செய்கிற நிலை. டைரியில் ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண் போட்டு எழுதி வந்தார். அந்த எண்கள் கடைசியில் 16,000-ஐத் தாண்டின. நினைவு கைவிடும்போது நோட்டை நம்பிய மனுஷன்.

துணைக்கு சார்லஸ் ஆண்டர்சன் என்ற முன்னாள் ராணுவ சார்ஜென்ட். வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டதால், ஒரு ராத்திரி முழுக்க உலையை அணையாமல் பார்த்துக்கொண்டே நின்றார் என்று இவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அப்படிப்பட்ட ஆள்.

இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளுக்கான சொற்பொழிவுகள் வேறு, மொத்தம் 19 வருஷம் அவரே நடத்தினார். 1855-ல் தேம்ஸ் நதி சாக்கடையாகக் கிடப்பதைப் படகில் போய்ப் பார்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆனா பெரிய கண்டுபிடிப்பு இனி வருமா என்ற கேள்வி அவருக்கே இருந்தது. தலை கனமான வேலைக்குத் தாங்காது என்று தோன்றிய அந்த நேரத்தில்தான் தங்கத்தைக் கையில் எடுத்தார்.

1856: தங்கத்தோடு ஒரு வருஷம்

ஏன் தங்கம்? அதைப் போல மெல்லியதாகத் தட்டக்கூடிய உலோகம் வேறில்லை. அவர் பயன்படுத்திய தங்கத் தாளின் தடிமன் ஒரு அங்குலத்தில் 2,82,000-ல் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் சுமார் 90 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒளியின் அலைநீளத்தை விடவும் சின்னது. அவ்வளவு மெல்லிய உலோகம் ஒளியை என்ன செய்யும் என்பதுதான் அவர் கேள்வி. தாளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சள். ஊடுருவி அந்தப் பக்கம் போகும் ஒளியோ பச்சை. ஒரே தங்கத்துக்கு ரெண்டு நிறம்.

விட்டாரா? இல்லை. தாளைச் சயனைடு கரைசலில் மிதக்க விட்டு இன்னும் மெலிதாக்கினார். சூடு பண்ணினார், பச்சை போய்விட்டது. அழுத்தித் தேய்த்தார், திரும்ப வந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். பிறகு மெல்லிய தங்கக் கம்பியில் லேடன் ஜாடிகளின் மொத்த மின்சாரத்தையும் ஒரே நொடியில் இறக்கி அதை வெடிக்க வைத்தார். பக்கத்தில் வைத்த கண்ணாடித் தகட்டில் தங்கத் தூள் படிந்தது. ஒரு இடத்தில் ஊதா, இன்னொரு இடத்தில் பச்சை, வேறொரு இடத்தில் மாணிக்கச் சிவப்பு. எல்லாம் ஒரே தங்கம்.

நண்பர் வாரன் டி லா ரூ இன்னொரு வழி காட்டினார். தங்கக் குளோரைடின் நீர்த்த கரைசல்மேல் பாஸ்பரஸ் துணுக்குகளைப் போட்டால் மேற்பரப்பில் தங்கப் படலம் ஏடு மாதிரி கட்டும். அந்த வேலையில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்தால் லேசான சிவப்பு. வேறு யாராக இருந்தாலும் கழுநீர் என்று கொட்டியிருப்பார்கள். ஃபாரடே அதைப் பாட்டிலில் எடுத்து வைத்தார்.

பார்த்தால் ஒயின் மாதிரி தெளிவான திரவம். ஏதோ சாயம் கரைந்த மாதிரிதான் இருந்தது. ஆனா தங்கம் கரைந்திருக்கிறதா, மிதக்கிறதா? ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம். சர்க்கரை கரைந்தால் அது தண்ணீரோடு தண்ணீர். மஞ்சள் தூள் மிதந்தால் அது தனி.

இங்கேதான் அவர் செய்த காரியம். ஒரு லென்ஸால் ஒளியைக் குவித்து, கூம்பு மாதிரி அந்தத் திரவத்துக்குள் பாய்ச்சினார். நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தார். சாதாரணத் தெளிந்த நீராக இருந்தால் ஒளி போன தடமே தெரியாது. இந்தத் திரவத்தில் தெரிந்தது. கூம்பு அப்படியே ஒளிர்ந்தது. ஓட்டு வீட்டில் ஓட்டை வழியே வெயில் விழும்போது தூசி மினுக்குமே, அதே சங்கதி. அப்படியென்றால் உள்ளே ஏதோ மிதக்கிறது, ஒளியைச் சிதறடிக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் வைத்த பாட்டில்களின் அடியில் நிறம் மெல்ல வண்டல் மாதிரி இறங்கவும் செய்தது. துளி உப்புச் சேர்த்தால் சிவப்பு சட்டென்று நீலமானது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதால் நிறம் மாறுகிறது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். துகளின் அளவு மாறினாலே நிறம் மாறும் என்ற முடிவுக்கு அவர் அன்றைக்கே வந்துவிட்டார்.

சரி, அந்தத் துகளைப் பார்க்கலாமே என்று மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். எதுவுமே தெரியவில்லை. எந்த லென்ஸிலும் தெரியவில்லை.

1857 பிப்ரவரி 5-ம் தேதி ராயல் சொசைட்டியில் இதையெல்லாம் பேக்கரியன் சொற்பொழிவாகச் சமர்ப்பித்தார். துகள்கள் இருக்கின்றன, ஆனா எந்த மைக்ரோஸ்கோப்பாலும் இதுவரை காண முடியவில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். அவருக்கே இதில் பெரிய திருப்தி இல்லை. ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த உழைப்பை மலைக்கும் எலிக்கும் ஒப்பிட்டார். நம்ம ஊரில் சொல்வோமே, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று, அதேதான். இன்றைக்கு நானோ அறிவியலின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த எலியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதே 1857-ல் நடந்த இன்னொன்று. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இளைஞர், ஃபாரடேவின் கருத்துகளைக் கணக்குச் சமன்பாடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார். 66 வயது ஃபாரடே அவருக்குக் கடிதம் எழுதி, கணக்கில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்ல முடியாதா என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு ரொட்டி தின்று வளர்ந்த காலத்தில் கிடைக்காத கணக்கு, கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. படத்தாலும் கையாலும் மட்டுமே யோசித்தவர் அவர். அதனாலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு மோதி நின்ற அந்த வருஷம் அவருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கடைசி வருஷங்கள்

நைட் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் மறுத்தார். சாண்டமேனியன் என்ற சின்ன கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், சொத்து சேர்ப்பதில் நாட்டமில்லை. குழந்தைகளும் இல்லை. 1858-ல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு கொடுத்தார்.

1862 மார்ச் 12-ம் தேதி கடைசி சோதனை. காந்தத்தின் நடுவே வைத்த சுடரின் நிறமாலைக் கோடுகள் மாறுகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று எழுதி வைத்தார். 1896-ல் நெதர்லாந்தின் பீட்டர் சீமான் அதைவிட நல்ல கருவியோடு கிட்டத்தட்ட அதே சோதனையைச் செய்தார். மாற்றம் தெரிந்தது, 1902-ல் நோபல் பரிசும் வந்தது. ஃபாரடே தேடிய இடம் இதிலும் சரிதான், கருவிதான் பத்தவில்லை.

1867 ஆகஸ்ட் 25-ம் தேதி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹைகேட் கல்லறையில் எளிமையான கல்லறை.

பக்கவாட்டில் வைத்த மைக்ரோஸ்கோப்

ஃபாரடேவால் ஏன் பார்க்க முடியவில்லை? அது அவர் தப்பில்லை. ஒளியின் அலைநீளத்தில் கிட்டத்தட்ட பாதிக்குக் கீழே இருக்கும் எதையும், அதாவது சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவானதை, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் உருவமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. 1873-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஃபாரடேவின் தங்கத் துகள்களோ அதைவிட எத்தனையோ மடங்கு சின்னவை, சில நானோமீட்டர் சமாச்சாரம்.

ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு. உருவம் தெரியாவிட்டால் என்ன, இருப்பு தெரிந்தால் போதாதா? ராத்திரி வானத்தில் நட்சத்திரத்தின் உருவமா நமக்குத் தெரிகிறது? வெறும் புள்ளிதான். பின்னணி கறுப்பாக இருப்பதால் அந்தப் புள்ளி தெரிகிறது.

ஜெர்மனியின் யெனா நகரில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் சிக்மோண்டி. வியன்னாவில் பிறந்தவர். சிவப்புக் கண்ணாடிக்கு நிறம் தரும் தங்கம் அவரையும் பிடித்துக்கொண்டது. ஃபாரடே ஏற்கெனவே தங்கத் திரவம் செய்திருக்கிறார் என்பதே அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஸைஸ் நிறுவனத்தின் சீடன்டாஃபோடு சேர்ந்து 1902, 03-ல் அவர் உருவாக்கிய கருவிதான் அல்ட்ரா மைக்ரோஸ்கோப். ஒளியைப் பக்கவாட்டிலிருந்து திரவத்துக்குள் பாய்ச்சி, அதற்குச் செங்குத்தாக மைக்ரோஸ்கோப்பை வைத்தார்கள். நேர் ஒளி லென்ஸுக்குள் வராது. துகள் சிதறடிக்கும் ஒளி மட்டும் வரும். கறுப்புப் பின்னணியில் தங்கத் துகள்கள் ஒவ்வொன்றும் மினுக்கிக்கொண்டு துள்ளின. 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் சிக்மோண்டிக்கு.

இப்போ திரும்ப 1856-க்குப் போங்கள். ஒளிக் கூம்பு, பக்கவாட்டுப் பார்வை, தங்கத் திரவம், மைக்ரோஸ்கோப். நாலும் ஃபாரடேவின் அறையில் இருந்தன. கூம்பைக் கண்ணால் பக்கவாட்டில் பார்த்தார், மைக்ரோஸ்கோப்பில் வழக்கமான முறையில் பார்த்தார். ரெண்டையும் ஒன்றாகச் சேர்க்கத்தான் இன்னொரு 45 வருஷம் ஆனது. அவர் காலத்து விளக்கும் லென்ஸும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

மின்வாயில் முளைக்கும் புள்ளிகள்

இந்த உத்திக்கு இன்றைய பெயர் இருள்புல மைக்ரோஸ்கோப். இதைக் கொண்டுபோய் ஃபாரடேவின் இன்னொரு பாதி வேலையான மின்வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் இப்போது ஆய்வகங்களில் செய்கிறார்கள்.

முதல் தேவை, ஒளி ஊடுருவும் மின்வாய். செல்போன் டச் ஸ்கிரீனில் பூசுகிற இண்டியம் டின் ஆக்சைடு அதற்கு உதவுகிறது. மின்சாரமும் போகும், ஒளியும் போகும். அந்தக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல், அடியில் மைக்ரோஸ்கோப். மின்னழுத்தத்தைக் கூட்டியதும் கறுத்த திரையில் ஒரு புள்ளி. பிறகு ரெண்டு, பத்து, நூறு. வெள்ளி அயனிகள் எலெக்ட்ரானை வாங்கி அணுவாகி, அணுக்கள் கூடித் துகளாகிற காட்சி அது. முலாம் ஒரே சீரான போர்வை மாதிரி விழுவதில்லை, புள்ளிகளாக முளைத்துப் பரவித்தான் போர்வையாகிறது என்பது அங்கே தெரிகிறது.

புள்ளியின் பிரகாசத்தை வைத்தே துகள் எவ்வளவு பெரிசு என்று கணக்கிடலாம். இந்த அளவில் துகளின் விட்டம் ரெண்டு மடங்கானால் அது சிதறடிக்கும் ஒளி 64 மடங்காகும். அதனால் சின்ன வளர்ச்சி கூட கேமராவில் பளிச்சென்று மாட்டும். ஒவ்வொரு புள்ளியின் உலோகத்தையும் கூட்டி, பாய்ந்த மின்சாரத்தோடு ஒப்பிடலாம். ஒப்பிட எது உதவுகிறது? 1834-ன் அதே ஃபாரடே விதி. சில சமயம் கணக்கு உதைக்கும். நிக்கல் மாதிரி உலோகத்தில், மின்சாரத்தின் ஒரு பகுதி உலோகமாக மாறாமல் ஹைட்ரஜன் வாயுவுக்கோ ஹைட்ராக்சைடு படிவத்துக்கோ போய்விடுகிறது. தராசும் மீட்டரும் மொத்தத்தைத்தான் சொல்லும். பக்கத்துப் பக்கத்துத் துகளே வேறு வேறு மாதிரி வளர்வதைப் புள்ளிகள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்டால், உங்கள் பாக்கெட்டில் இருக்கும் பேட்டரிக்குத்தான். லித்தியம் பேட்டரியை ரொம்ப வேகமாகவோ, கடும் குளிரிலோ சார்ஜ் செய்தால் மின்வாயின் மேல் லித்தியம் உலோகமாகப் படியலாம். அது சீராகப் படியாமல் பாசி மாதிரியும் ஊசி மாதிரியும் வளரும். அந்த ஊசி நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைத்து எதிர்ப் பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். பேட்டரி தீப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். கண்ணாடி ஜன்னல் வைத்த சோதனை பேட்டரிகளைச் செய்து, சார்ஜ் ஏறும்போதே அந்த ஊசி எங்கே முளைக்கிறது, எப்போது வளைகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் படம் பிடிக்கிறார்கள். லித்தியத்தை அப்படியே மின்வாயாக வைக்கும் பேட்டரி வந்தால் ஒரே சார்ஜில் மின்சார வாகனம் இன்னும் ரொம்ப தூரம் போகும். அதற்குத் தடையாக நிற்பவற்றில் முக்கியமானது இந்த ஊசிதான்.

லண்டன் ஆல்பமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றைக்கும் ஃபாரடே செய்த தங்கத் திரவம் பாட்டிலில் இருக்கிறது. 1856-க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் தங்கம் முழுக்க அடியில் இறங்கிவிடவில்லை, நிறம் இன்னும் சிவப்பாகவே நிற்கிறது.